அந்தமான் கடலின் நிலநடுக்கத் திரள்: பட்டியலை இறக்குவதிலிருந்து முடிவு சொல்வது வரை

அந்தமான், நிக்கோபார் பக்கம் ஒரே நாளில் இருபது தடவை நிலம் அதிர்ந்தது என்று செய்தி வந்தால், நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் கேள்வி ஒன்றுதான்: “திரும்பவும் சுனாமி வருமா?” 2022 ஜூலை 4, 5 தேதிகளிலும் அதே கேள்விதான் வந்தது. கேட்பவர்கள் 2004-ஐக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், நிலநடுக்கப் பட்டியலை நாமே இறக்கிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குத் தேவையான தரவு எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். “எத்தனை?” என்று எண்ணிவிட்டு, அப்புறம்தான் “எங்கே?” என்று கேட்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ். அகழிக்கு (ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் இறங்கும் ஆழ்கடல் பள்ளம்) எந்தப் பக்கம், எந்தத் தட்டுக்குள் (பூமியின் மேலோட்டுப் பாளம்) நடக்கிறது என்று தெரியாமல் எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

பயிற்சிக்கு 2005 ஜனவரி கடைசி வாரத்தில் அந்தமான் கடலில் வந்த திரளை, அதாவது ஒரே இடத்தில் சில நாள் அடுத்தடுத்து வந்த அதிர்வுகளின் கூட்டத்தை, எடுத்துக்கொள்வோம். ஜனவரி 26 முதல் 31 வரைக்குள் 5-க்கு மேற்பட்ட அளவில் மட்டும் 150-க்கும் அதிகமான நிலநடுக்கங்கள் அங்கே பதிவாயின. உலகில் பதிவான மிக வலுவான திரள்களில் அது ஒன்று. பெரிய அதிர்வுகள் நிறைய இருப்பதால் தொலைதூர நிலநடுக்கப் பதிவு நிலையங்களும் அவற்றை நன்றாகப் பிடித்திருக்கின்றன. கற்றுக்கொள்ள இதைவிட வசதியான தரவு இந்தப் பகுதியில் கிடையாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எக்செல் மாதிரி ஏதாவது ஒரு விரிதாள் போதும். பைத்தான் தெரிந்தால் வேலை வேகமாகும், கட்டாயமில்லை. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கடலடி ஆழம் தெரியும் ஒரு அடிப்படை வரைபடமும், தட்டு எல்லைகள் கொண்ட ஒரு கோப்பும் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எந்த எல்லைக்குள், எந்தக் குறைந்தபட்ச அளவில் தேடினீர்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். பட்டியல்கள் பின்னால் திருத்தப்படும். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வி என்ன என்பது எழுத்தில் இல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து எண்ணிக்கை மாறும்போது காரணம் புரியாது.

1. முதலில் தரையமைப்பை வரையுங்கள்

ஒரு நிலநடுக்கத்தையும் குறிக்காமல், வெறும் வரைபடத்தோடு தொடங்குங்கள். மேற்கிலிருந்து கிழக்கே போனால் நான்கு பட்டைகள் வரும்.

முதலில் இந்தியத் தட்டின் கடல்தளம். அப்புறம் அகழி. அங்கேதான் அந்தத் தட்டு வளைந்து, பர்மா குறுந்தட்டு என்று சொல்லப்படும் சிறிய தட்டுக்கு அடியில் இறங்குகிறது. மூன்றாவது அந்தமான், நிக்கோபார் தீவு வரிசை. அதற்கும் கிழக்கே அந்தமான் கடல். பாரன் தீவு எரிமலையும் நார்கொண்டம் எரிமலைத் தீவும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கடலின் நடுவில் தரை இரண்டாகப் பிரிந்து விலகும் விரிவு மையமும் உண்டு.

இந்தியத் தட்டு அகழியை நேராக மோதுவதில்லை, சாய்வாகப் போய் மோதுகிறது. அந்த மோதலின் நெருக்கும் பங்கு அகழியில் தீர்கிறது. பக்கவாட்டில் இழுக்கும் பங்கு தீவுகளுக்குக் கிழக்கே, அந்தமான் கடலின் பிளவுகளில் தீர்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதிப் படிகள் பாதி எளிது. மேற்குப் பக்கம் நெரிபடும் இடம், கிழக்குப் பக்கம் இழுபட்டு நழுவும் இடம்.

இப்போது கார் நிக்கோபாரையும் (ஏறத்தாழ வடக்கு 9.2, கிழக்கு 92.8 பாகை) இந்திரா முனையையும் (வடக்கு 6.75, கிழக்கு 93.8 பாகை) குறித்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். தீவு வரிசை தெற்கே போகப் போகக் கிழக்கே சாய்வது தெரியும். “93.5 பாகை தீவுக்குக் கிழக்கா, மேற்கா?” என்ற கேள்விக்கு அட்சரேகையைப் பொறுத்து விடை மாறும். புதியவர்கள் பலர் ஒரே தீர்க்கரேகையை எல்லையாக வைத்துப் பிரித்து, தெற்கில் உள்ள புள்ளிகளைத் தவறான பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். சாய்ந்த கோட்டை வைத்தே பிரியுங்கள்.

2. பெட்டியைப் பெரிதாகவும், காலத்தை நீளமாகவும் எடுங்கள்

யூஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் நிலநடுக்கப் பட்டியலைத் தேடும் பக்கம் இருக்கிறது. திரள் இருந்தது வடக்கு 8, கிழக்கு 94 பாகையை ஒட்டி. உடனே அதைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி போட வேண்டாம். வடக்கு 5 முதல் 12, கிழக்கு 90 முதல் 97 என்று எடுங்கள். காலம் 2004 ஜனவரி 1 முதல் 2005 டிசம்பர் 31 வரை. குறைந்தபட்ச அளவு 4. வெளியீட்டு வகை சிஎஸ்வி (விரிதாளில் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு).

பெரிதாக எடுப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, திரளுக்கு முன்னால் அந்த இடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரியாமல் “வழக்கத்தைவிட அதிகம்” என்று சொல்ல முடியாது. இரண்டு, 2004 டிசம்பர் 26-இன் 9.1 அளவு நிலநடுக்கம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. அதன் பின்னதிர்வுகள் இதே பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சின்னப் பெட்டி போட்டால் பின்னதிர்வு எது, திரள் எது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போகும்.

ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 20,000 பதிவுகள்தான் வரும். அதைத் தாண்டினால் காலத்தைத் துண்டுபோட்டு இறக்குங்கள்.

3. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

பட்டியலில் உள்ள நேரம் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் பட்டியலில் 00:58:53 என்று இருக்கும். நம் கணக்கில் அது காலை 6:28:53.

தேதி மாறும் இடத்தில்தான் சிக்கல். யுடிசியில் மாலை 6:30-க்குப் பின் வரும் எல்லாமே இந்திய நேரப்படி அடுத்த நாள். செய்தித்தாளில் உள்ள நாள்வாரி எண்ணிக்கையையும் நீங்கள் எண்ணியதையும் ஒப்பிட்டால் பொருந்தாததற்குப் பாதி நேரம் இதுவே காரணம்.

என் யோசனை: கணக்கு முழுவதையும் யுடிசியிலேயே செய்யுங்கள். மக்களுக்குச் சொல்லும் கடைசி வாக்கியத்தில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் எந்த நெடுவரிசை எந்த நேரம் என்று ஒரு கட்டத்தில் குழம்பியே தீரும்.

இன்னொன்று. தேதிக்கும் மணிக்கும் நடுவே பட்டியலில் ஓர் ஆங்கில எழுத்து வரும், கடைசியிலும் ஒன்று வரும். பல விரிதாள்கள் இதை நேரமாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்துச் சரமாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் சரியாக வருவது போலத் தோன்றும், ஆனால் கழித்தால் பிழை வரும். நடுவே உள்ள எழுத்தை இடைவெளியாக்கி, கடைசி எழுத்தை நீக்கி, நெடுவரிசையை நேர வடிவத்துக்கு மாற்றிய பிறகு இரண்டு வரிசைகளைக் கழித்துப் பாருங்கள். எண் வந்தால் சரி.

4. ஒரே நிலநடுக்கத்தை இரண்டு தடவை எண்ணாதீர்கள்

ஒரே நிறுவனத்தின் பட்டியலை மட்டும் பயன்படுத்தினால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் பலருக்கும் டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பட்டியலையும் சேர்த்தால் நல்லதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் தடவை இரண்டையும் ஒன்றாக ஒட்டி, படம் வரைந்து, எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகி நின்றதைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டேன்.

ஒரே அதிர்வுக்கு இரண்டு நிறுவனங்கள் சொல்லும் நேரம் சில விநாடி வேறுபடும். இடம் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அளவிலும் 0.2, 0.3 வித்தியாசம் வரும். நிலையங்களும் கணக்கிடும் மாதிரியும் வேறு என்பதால் இது இயல்பு. கணினிக்கு இரண்டும் இரண்டு வரிசை, அவ்வளவுதான். நேர வித்தியாசம் 15 விநாடிக்குள்ளும் தூரம் 100 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் ஒன்றாக வைத்து, கையால் சரிபாருங்கள். திரளின் உச்சத்தில் நிஜமாகவே ஒரு நிமிடத்துக்குள் இரண்டு அதிர்வுகள் வரலாம். அதனால் முழுக்கத் தானியங்கியாக நீக்கிவிடாதீர்கள்.

5. முழுமை வரம்பைக் கண்டுபிடியுங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இது. தாண்டினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கெடும்.

சிறிய அதிர்வுகளை எல்லாம் நிலையங்கள் பிடிப்பதில்லை. கடல் நடுவில் நடப்பவற்றில் இன்னும் மோசம். எந்த அளவுக்கு மேல் ஏதும் தவறவில்லை என்று நம்பலாமோ, அதுதான் முழுமை வரம்பு. கண்டுபிடிக்கும் வழி எளிது. அளவுகளை 0.1 இடைவெளியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணிப் பட்டைப்படம் போடுங்கள். இயற்கையில் அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். உங்கள் படத்தில் எங்கே கூடுவது நின்று சரியத் தொடங்குகிறதோ, அங்கே நிலையங்களின் கண் மங்குகிறது. அந்த உச்சப் பட்டைக்கு 0.2 கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

2005 திரளுக்கு 4.5 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்குக் கீழே உள்ளவற்றை வரைபடத்தில் காட்டலாம், எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். திரள் உச்சத்தில் இருக்கும்போது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிறியவை மறைந்துபோகும். அந்தச் சில மணி நேரத்துக்கு வரம்பு உயரும். “உச்சத்தில் சிறிய அதிர்வுகள் குறைந்தன” என்று யாராவது எழுதியிருந்தால், பெரும்பாலும் இதைத்தான் தவறாகப் படித்திருப்பார்கள்.

2005-ஐயும் 2022-ஐயும் ஒப்பிடுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2004-க்குப் பின் இந்தப் பெருங்கடல் பகுதியில் நிலையங்கள் கூடின. இப்போது அதிகமாகப் பதிவாவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒப்பிடுவதென்றால் இரண்டு காலத்துக்கும் பொதுவான உயர்ந்த வரம்பை எடுங்கள்.

அளவின் வகையையும் கவனியுங்கள். பட்டியலில் எம்பி, எம்டபிள்யூ என்று தனி நெடுவரிசை இருக்கும். எம்பி என்பது உடல் அலையின் வீச்சை வைத்து அளப்பது. ஆறைத் தாண்டும்போது அது உண்மை வலிமையை முழுதாகக் காட்டாது. எம்டபிள்யூ என்பது பிளவின் பரப்பையும் நழுவலையும் வைத்து அளப்பது. பெரியவற்றுக்கு அது இருந்தால் அதையே எடுங்கள்.

6. நேரம்–அளவு படம் போட்டு, திரளா பின்னதிர்வா என்று பாருங்கள்

இப்போதுதான் சின்னப் பெட்டிக்கு வருகிறோம். பெரிய வரைபடத்தில் புள்ளிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்த்து, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 கிலோமீட்டராவது இடம் விட்டுப் பெட்டி போடுங்கள். இந்த அட்சரேகையில் ஒரு பாகை இரண்டு திசையிலும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் என்பதால் கணக்கு எளிது.

கிடையாக நேரம், நிலைக்குத்தாக அளவு. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு குச்சி. இந்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

முதன்மை அதிர்வும் பின்னதிர்வும் என்றால், இடது ஓரத்தில் ஒரு உயரமான குச்சி தனித்து நிற்கும். அதற்கடுத்த பெரியது பொதுவாக 1.2 அளவு குள்ளமாக இருக்கும். அடர்த்தி முதல் நாளில் மிகுந்து, பத்தாம் நாளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். திரள் என்றால் தலைவன் இல்லாத கூட்டம். 2005 ஜனவரி படத்தைப் போட்டுப் பாருங்கள். 5-ஐ ஒட்டிய குச்சிகள் தோளோடு தோள் உரசி நிற்கும், பெரியவை தொடக்கத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் வரும், சில நாளில் சட்டென்று ஓயும். ஒன்றைக் காட்டி “இதுதான் தாய்” என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு முக்கியமான தடுமாற்றம் உண்டு. “2004 டிசம்பருக்கு ஒரு மாதம் கழித்து வந்ததால் இதுவும் அதன் பின்னதிர்வுதானே?” என்று கேட்பார்கள். பெரிய பெட்டியின் படத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே டிசம்பர் 26-லிருந்து எண்ணிக்கை சீராகக் குறைந்துகொண்டே வரும். அந்தச் சரிவின் நடுவே, ஒரே இடத்தில், ஜனவரி 26-இல் திடீரென்று ஒரு சுவர் எழும். அந்தப் பெரிய நிலநடுக்கம் சுற்றுவட்டாரத்தின் அழுத்தத்தை மாற்றி இதைத் தூண்டியிருக்கலாம், அது நியாயமான விளக்கம். ஆனால் தூண்டப்பட்டது என்பதும் பின்னதிர்வு என்பதும் வேறு வேறு. சாதாரணப் பின்னதிர்வு இப்படி ஒரு மாதம் கழித்துச் சுவர் எழுப்பாது.

7. ஆழத்தை நம்பும் முன் சோதியுங்கள்

ஒரு பயிற்சியில் ஒரு மாணவி திரளின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, “சார், எல்லாம் ஒரே தட்டையான பிளவில் நடக்கிறது, பாருங்கள்” என்று மகிழ்ச்சியோடு காட்டினார். 10 கிலோமீட்டரில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரிப் புள்ளிகள். அதற்கு மேலே, கீழே சில உதிரிகள். படம் அழகாகவே இருந்தது. விரிதாளைத் திறந்து ஆழ நெடுவரிசையைக் கீழே நகர்த்திக் காட்டினேன். 10, 10, 10, 10. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எண் அளக்கப்பட்டது இல்லை, வைத்துக்கொண்டது. பக்கத்தில் நிலையம் இல்லாத கடலில், ஆழத்தைக் கொஞ்சம் கூட்டி நேரத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் அலைகள் அதே பொழுதில் வந்து சேர்ந்தது போலக் கணக்கு ஒத்துவிடும். எனவே ஆழத்தை ஓர் எண்ணில் நிறுத்திவிட்டு இடத்தை மட்டும் கணக்கிடுவார்கள். 10, 33, 35 போன்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் அப்படி நிறுத்தியவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆழப் பிழை நெடுவரிசையையும் பாருங்கள்.

செய்ய வேண்டியது: நிறுத்தி வைத்த ஆழமுள்ளவற்றை ஆழப் படத்திலிருந்து நீக்குங்கள். மிஞ்சியவற்றில் எம்டபிள்யூ கணக்கிட்டவற்றின் ஆழத்தை மட்டும் பாருங்கள். அங்கே அலையின் முழு வடிவத்தையும் பொருத்திப் பார்ப்பதால் ஆழம் ஓரளவு நம்பகமானது.

எதற்கு இவ்வளவு பாடு? அமிழும் தட்டு கிழக்கே போகப் போக ஆழமாகிறது. தீவுகளுக்கு அடியில் சில பத்து கிலோமீட்டரில் இருக்கும் அது, எரிமலை வரிசைக்கு அடியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் மேலோட்டமாக நடக்கும் அதிர்வு, இரண்டு தட்டுகளும் உரசும் முகத்தில் நடக்கவே முடியாது. அது மேலே உள்ள தட்டுக்குள் நடப்பது. பெரிய சுனாமியை எழுப்பும் முகம் எது, எழுப்பாத இடம் எது என்பதைப் பிரிக்க, இடமும் ஆழமும் சேர்ந்தே வேண்டும்.

8. பிளவு எந்த வகை என்று பாருங்கள்

5-க்கு மேற்பட்ட பலவற்றுக்கு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குளோபல் சிஎம்டி பட்டியலில் பிளவின் வகையைக் காட்டும் வட்டப் படம் கிடைக்கும். பீச் பால் என்பார்கள். படிக்கும் முறை சுலபம்.

நடுவில் கறுப்பு, ஓரங்களில் வெள்ளை: நெரிபட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அகழிப் பக்கம் எதிர்பார்ப்பது இது. நடுவில் வெள்ளை, ஓரங்களில் கறுப்பு: இழுபட்டு விலகியது. பந்தை நான்காக வெட்டியது போல இருந்தால் பக்கவாட்டில் நழுவியது.

2005 திரளில் பக்கவாட்டு நழுவலும் விலகலும்தான் கலந்து வருகின்றன. முதல் படியில் வரைந்த பட்டைகளோடு இது அப்படியே பொருந்துகிறது. இடம் ஒன்று சொல்லி, பிளவின் வகை இன்னொன்று சொன்னால் நிறுத்துங்கள். இரண்டில் ஒன்று தவறு. பெரும்பாலும் இடம்தான் தவறாக இருக்கும்.

இழுபடும் தரை, அருகே எரிமலை வரிசை, நிக்கோபாருக்குக் கிழக்கே கடலடியில் எரிமலை மேடுகள் என்று எல்லாம் சேரும்போது, மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) பிளவுக்குள் புகுந்ததா என்ற கேள்வி இயல்பாக எழும். 2005 திரளுக்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் அதுவும் ஒன்று. கிரேக்கத்தின் சாண்டோரினி அருகே 2025 தொடக்கத்தில் வந்த திரளும் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் இறங்கும் அமிழ்வு மண்டலத்தின் எரிமலைப் பட்டையில்தான் வந்தது. பெரியது 5.3. ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினார்கள். அகழியிலிருந்து உள்ளே தள்ளிய திரள்களுக்கு அது நல்ல ஒப்பீடு.

9. நகர்கிறதா என்று பாருங்கள், ஆனால் பிழையை மறக்காதீர்கள்

முதல் அதிர்விலிருந்து மற்ற ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, நேரத்துக்கு எதிரே வரையுங்கள். மெதுவாக நழுவும் பிளவு தள்ளிக்கொண்டு போனால் நகர்வு ஒரு நாளைக்குச் சில கிலோமீட்டர் முதல் பத்து கிலோமீட்டர் வரை இருக்கும். ஜப்பானின் போசோ தீபகற்பத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திரள்கள் இப்படி மெல்ல நழுவும்போது வருபவைதான். பாறை இடுக்கில் நீர் பரவுவது இன்னும் மெதுவானது. வழக்கமான ஒரு பரவல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளில் 1 கிலோமீட்டர், பத்து நாளில் 3 கிலோமீட்டர் சொச்சம்.

இப்போது உங்கள் தரவின் பிழையைப் பாருங்கள். அந்தமான் கடலில் ஒரு அதிர்வின் இடம் 10, 15 கிலோமீட்டர் தவறலாம். அப்படியிருக்க, 3 கிலோமீட்டர் நகர்வை இந்தப் பட்டியலில் பார்க்கவே முடியாது. பார்த்ததாகத் தோன்றினால் அது பிழையின் சிதறல். உலகளாவிய பட்டியலை வைத்து “நீர் நகர்வதைக் கண்டேன்” என்று எழுதுவது இந்தப் பகுதியில் கூடாது.

10. பி மதிப்பு: கடைசியில், தேவைப்பட்டால்

சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் எண் இது. வழக்கமாக 1-ஐ ஒட்டி இருக்கும். திரள்களில், அதுவும் மாக்மா அல்லது நீர் சம்பந்தப்பட்டவற்றில், 1-ஐத் தாண்டுவது உண்டு.

சூத்திரம்: முழுமை வரம்பிலிருந்து 0.05-ஐக் கழியுங்கள். அதை உங்கள் அதிர்வுகளின் சராசரி அளவிலிருந்து கழியுங்கள். கிடைத்த எண்ணால் 0.4343-ஐ வகுங்கள். உதாரணத்துக்கு, வரம்பு 4.4, சராசரி 4.75 என்றால் 0.4343-ஐ 0.40-ஆல் வகுக்க, 1.09. பிழை, அந்த எண்ணை அதிர்வுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 100 அதிர்வு என்றால் 0.11. அதாவது 0.98 முதல் 1.20 வரை எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு “1-ஐத் தாண்டிவிட்டது, மாக்மாதான்” என்று சொல்லாதீர்கள். இருபது அதிர்வை வைத்துப் பி மதிப்பு கணக்கிட்டு வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் படியில் வரம்பு தவறினால் இந்த எண் முழுக்கவே பொய்யாகும்.

11. மக்களுக்குச் சொல்லும் வாக்கியத்தை எழுதுங்கள்

இரண்டு தப்பு விளக்கங்கள் உடனே வரும், அதனால் இரண்டுக்கும் கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.

முதலாவது, “சின்னச் சின்னதாய் வந்து அழுத்தம் தீர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை.” அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 5 அளவில் 150 அதிர்வுகளைக் கூட்டினாலும் 6.5-ஐ எட்டாத ஒரே ஒரு நிலநடுக்கத்துக்குத்தான் சமம். 9.1-க்கு ஈடுகட்ட 5 அளவில் 14 லட்சம் அதிர்வுகள் வேண்டும். திரள் எதையும் பெரிதாகத் தீர்த்துவிடுவதில்லை.

இரண்டாவது, “இத்தனை வந்தால் அடுத்தது பெரியதுதான்.” இது எப்போதாவது உண்மையாகும். சிலியின் வடக்குக் கடலோரத்தில் 2014 மார்ச் 16-இல் 6.7 அளவில் தொடங்கிய வரிசை, ஏப்ரல் 1-இல் 8.2-இல் முடிந்தது. ஜப்பானில் 2011 மார்ச் 9-இன் 7.3 அளவு அதிர்வுக்கு இரண்டு நாள் கழித்து 9 அளவு வந்தது. அந்தப் பெரிய நிலநடுக்கங்கள் இரண்டுமே தட்டுகள் உரசும் அகழி முகத்தில் வந்தவை. ஆனால் பொதுவாக, ஒரு நிலநடுக்கத்துக்குப் பின் மூன்று நாளுக்குள் பக்கத்திலேயே அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு 6 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும் என்கிறது யூஎஸ்ஜிஎஸ். முன்னதிர்வு எது என்பது பெரியது வந்த பிறகுதான் தெரியும்.

ஆக, வாக்கியம் இப்படி அமையட்டும். எங்கே, எந்தத் தட்டுக்குள், எந்த வகைப் பிளவு என்று முதலில். எந்த அளவுக்கு மேல் எத்தனை என்று அப்புறம். 2005 திரளுக்கு நான் எழுதினால்: “தீவுகளுக்குக் கிழக்கே, மேல் தட்டுக்குள், பக்கவாட்டு நழுவலும் விலகலுமாக வரும் அதிர்வுகள். அகழிப் பிளவில் வருபவை இல்லை. இந்த அளவில் உள்ளவை 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நம் கரைக்குச் சுனாமி கொண்டுவராது.” அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.

எச்சரிக்கை விடுவது நம் வேலை இல்லை. ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்பைத்தான் மக்களுக்குக் காட்ட வேண்டும். தீவில் வாழ்பவர்களுக்கு மட்டும் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லுங்கள்: நிற்க முடியாத அளவுக்கு, அல்லது நீண்ட நேரம் ஆடினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். அவர்களுக்கு அலை வந்து சேரச் சில நிமிடங்களே ஆகலாம். 2004-இல் இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

12. தேதி குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்

ஒரு மாதம் கழித்து அதே எல்லைக்குள் மறுபடியும் இறக்குங்கள். முதல் நாள் தானியங்கியாகப் போட்டவை திருத்தப்பட்டிருக்கும், விடுபட்டவை சேர்ந்திருக்கும். நிலை என்ற நெடுவரிசையில் சரிபார்த்தவை தனியாகத் தெரியும். இங்கிலாந்திலுள்ள பன்னாட்டு நிலநடுக்கவியல் மையம் உலக நிலையங்கள் எல்லாவற்றின் பதிவையும் சேர்த்துச் சரிபார்த்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து வெளியிடும். அது வந்ததும் உங்கள் நோட்டிலுள்ள எல்லைகளை அப்படியே இட்டு, ஐந்தாம் படியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எது மாறியதோ, அதை முதலில் கேட்டவரிடம் போய்ச் சொல்லுங்கள்.